மேப்பிள் பாகு காய்ச்சும்போது எது கெட்டது, எங்கே கெட்டது?

கனடாவின் தெற்கு ஒன்ராறியோவில் பிப்ரவரி கடைசியில் இரவு உறைவதும் பகலில் உருகுவதுமாக வானிலை மாறத் தொடங்கியதும், கொல்லையில் மேப்பிள் மரம் வைத்திருப்பவர்களுக்குக் கை சும்மா இருக்காது. மரத்தில் ஓட்டை போட்டுக் குழாய் செருகி, சொட்டும் இனிப்புச் சாற்றை வாளியில் பிடித்துக் காய்ச்சினால் பாகு. துளைபோடும் கருவி, நான்கைந்து குழாய், மூடியுள்ள வாளி, அகலமான பாத்திரம் இருந்தால் போதும். வேலையும் கேட்பதற்கு எளிது: சாற்றில் உள்ள தண்ணீரைப் போக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் 2 சதவீதம் சர்க்கரை உள்ள சாற்றை 66 சதவீதத்துக்குக் கொண்டுபோவதற்குள் வழியில் பலதும் நடக்கும்.

இதில் கோளாறு தெரிகிற இடம் ஒன்று, நடந்த இடம் வேறு. பாட்டிலில் தெரியும் குறை பாத்திரத்தில் நடந்திருக்கும். பாத்திரத்தில் தெரிவது வாளியிலேயே தொடங்கியிருக்கும். அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் ஒரு படி பின்னால் போய்த் தேடுங்கள். எல்லாவற்றையும் வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்களுக்கு நேர்ந்தது எதுவோ அதற்குப் போகலாம்.

குழாய் வைத்தாயிற்று, சாறு வரவில்லை

முதலில் வானிலையைப் பாருங்கள், மரத்தை அப்புறம் பார்க்கலாம். இரவில் வெப்பநிலை 0 டிகிரிக்குக் கீழே போக வேண்டும், பகலில் 4, 5 டிகிரிக்கு ஏற வேண்டும். குளிரில் மரத்துக்குள் உள்ள வாயு சுருங்கும், கொஞ்சம் சாற்றிலேயே கரையும். அந்த இடத்தை நிரப்ப மரம் வேரிலிருந்து நீரை இழுத்துக்கொள்ளும். பகலில் உருகியதும் வாயு விரிந்து சாற்றை அழுத்தும். அந்த அழுத்தத்தில்தான் சாறு ஓட்டை வழியாகச் சொட்டுகிறது. ஆகவே இரவும் பகலும் தொடர்ந்து மைனஸில் கிடந்தாலும் சாறு வராது, இரவும் பகலும் 8 டிகிரியிலேயே நின்றாலும் வராது. இதில் ஏதாவது ஒன்று என்றால் காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

பக்கத்து வீட்டு வாளி நிரம்புகிறது, உங்களுடையது மட்டும் காய்ந்து கிடக்கிறது என்றால் ஓட்டையைச் சந்தேகப்படலாம். துளைத்தபோது வந்த தூள் என்ன நிறத்தில் இருந்தது? வெளுப்பாக, ஈரமாக, விரலில் ஒட்டுகிற மாதிரி வந்திருந்தால் உயிருள்ள மரம். பழுப்பாக, காப்பிப்பொடி நிறத்தில் வந்திருந்தால் அது செத்த பகுதி. போன ஆண்டு போட்ட ஓட்டைக்கு மேலும் கீழும் மரம் தன்னைத்தானே அடைத்துக்கொண்டு நீளமான ஒரு கோடாகச் செத்திருக்கும், வெளியே பட்டையைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதனால் பழைய வடுவுக்கு நேர் மேலேயோ கீழேயோ துளைக்கவே கூடாது. பக்கவாட்டில் குறைந்தது 15 செ.மீ. தள்ளிப் போங்கள், அத்துடன் உயரத்தையும் மாற்றுங்கள். ஆழம் 4 முதல் 5 செ.மீ. போதும். நுனி சற்றே மேல்நோக்கி இருந்தால் சாறு தங்காமல் வெளியே வரும்.

மரத்தின் தண்டு 25 செ.மீ. குறுக்களவு இல்லாவிட்டால் துளைக்காமல் விட்டுவிடுங்கள். அது மேப்பிள்தானா என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இலை இல்லாத காலத்தில் கிளைகள் எதிரெதிராகப் பிரிவதை வைத்து மேப்பிள் என்று முடிவுகட்டுகிறார்கள், ஆஷ் மரமும் அப்படித்தான் பிரியும். கோடையிலேயே இலையைப் பார்த்து மரத்தில் ஒரு நாடாவைக் கட்டி வைப்பது நல்லது. இன்னொன்று: வீட்டுக்கு முன்னால் சாலையோரம் நிற்கும் மரம் உங்கள் வாசலில் நின்றாலும் பெரும்பாலும் நகராட்சியின் சொத்து. அதில் கை வைக்க வேண்டாம்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஓட்டை நாலைந்து வாரத்தில் வற்றினால் அது இயல்பு. கிருமிகள் பெருகுகின்றன, மரமும் காயத்தை மூடப் பார்க்கிறது. அதே ஓட்டையைப் பெரிதாக்குவது, பக்கத்திலேயே இன்னொன்று போடுவது இரண்டும் மரத்துக்குச் செய்கிற கொடுமை. வந்தவரை லாபம் என்று விட்டுவிடலாம்.

சாறு வாளிக்குள் விழாமல் பட்டையில் வழிகிறது

குழாயை ஓங்கி அடித்திருப்பீர்கள், மரம் விரிந்திருக்கும். ஓட்டைக்கு மேலேயோ கீழேயோ மயிரிழை போல ஒரு விரிசல் தெரிகிறதா பாருங்கள். துளைக்கும்போது கருவி ஆடி ஓட்டை நீள்வட்டமாகியிருந்தாலும் இதே கதைதான். சிறிய சுத்தியலால் மெதுவாகத் தட்ட வேண்டும், சத்தம் மாறி இறுக்கமாகக் கேட்டதும் நிறுத்திவிட வேண்டும். மரம் உறைந்து கிடக்கும்போது குழாய் அடித்தால் சுலபமாகப் பிளக்கும். விரிசல் விட்டதைச் சரிசெய்ய வழியில்லை, அந்த வாளியில் கிடைக்கிறது கிடைக்கட்டும்.

வாளியில் சாறு உறைந்துவிட்டது

இது கோளாறே இல்லை, இலவச உதவி. மேலே மிதக்கும் பனிக்கட்டியில் பெரும்பகுதி வெறும் தண்ணீர், சர்க்கரை அடியில் உள்ள சாற்றில் தங்கியிருக்கும். கட்டியை எடுத்து வீசினால் அவ்வளவு விறகு மிச்சம். உலோகப் பாத்திரம் இந்தப் பக்கம் வருவதற்கு முன்பே இந்த மண்ணின் முதற்குடி மக்கள் இப்படியும் சாற்றைக் கெட்டியாக்கினார்கள். வாளி முழுக்க இறுகியிருந்தால் மட்டும் எதையும் வீசாதீர்கள், சர்க்கரையும் உள்ளேதான் மாட்டிக்கொண்டிருக்கிறது. பாதி உருக விட்டு, மீந்த கட்டியை எடுங்கள்.

சாறு கலங்கி மஞ்சளாக இருக்கிறது

புதுச் சாறு தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். கலங்கினால் கிருமி வேலை செய்கிறது என்று அர்த்தம். லேசான கலங்கல் என்றால் அன்றைக்கே காய்ச்சிவிடுங்கள். பாகு கறுப்பாக வரும், ருசி பரவாயில்லை. புளித்த வாடை அடித்தாலோ, கரண்டியில் எடுத்தால் நூல் நூலாக இழுபட்டாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். அதைக் காய்ச்சினால் பாகும் கொழகொழவென்றுதான் வரும்.

சாற்றைப் பால் மாதிரி நடத்த வேண்டும். 4 டிகிரிக்குக் கீழே, நிழலில், வாளியைச் சுற்றிப் பனியைக் குவித்து வைக்கலாம். மூன்று நாளுக்கு மேல் நான் வைப்பதில்லை. வாளிக்கு மூடி இல்லாவிட்டால் மழைநீர் பட்டையைக் கழுவிக்கொண்டு உள்ளே இறங்கும், அந்தப் பழுப்பு நிறத்தைக் கிருமி என்று தவறாக நினைக்காதீர்கள். அதையும் கொட்டத்தான் வேண்டும். பழைய பொருட்கள் விற்கும் கடையில் அழகாகத் தொங்கும் பழங்காலத் தகர வாளிகளைச் சாறு பிடிக்க வாங்காதீர்கள். பற்றவைத்த இடத்தில் ஈயம் இருக்கலாம். பூந்தொட்டியாக வைத்துக்கொள்ளுங்கள்.

மணிக்கணக்கில் காய்ச்சியும் குறையவில்லை

முதலில் கணக்கு. 86-ஐச் சாற்றின் சர்க்கரை சதவீதத்தால் வகுத்தால், ஒரு லிட்டர் பாகுக்கு எத்தனை லிட்டர் சாறு வேண்டும் என்பது தோராயமாகக் கிடைக்கும். சர்க்கரை மேப்பிளின் 2 சதவீதச் சாறு என்றால் 43 லிட்டர். வெள்ளி மேப்பிள், மனிடோபா மேப்பிள் மாதிரி மரங்களில் 1 சதவீதமே வந்தால் 86 லிட்டர். இரண்டு வாளியைக் காய்ச்சிவிட்டு ஒரு டம்ளர் பாகைப் பார்த்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர். அவர்கள் பாத்திரத்தில் குறை ஒன்றும் இல்லை, கணக்கே அப்படித்தான்.

கணக்கு சரியாக இருந்தும் ஆமை வேகம் என்றால் பாத்திரத்தின் வாயைப் பாருங்கள். ஆவி மேற்பரப்பில்தான் கிளம்பும். உயரமான சாம்பார் அண்டா இதற்கு உதவாது. அகலமான, தட்டையான எவர்சில்வர் தட்டு வேண்டும், அதில் சாறு 5 செ.மீ. ஆழத்தில் நிற்க வேண்டும். நன்றாகக் கொதித்தால் ஒரு சதுர அடிக்கு மணிக்குச் சுமார் 4 லிட்டர் போகும் என்பது வழக்கமான கணக்கு. சிமென்ட் கல் அடுக்கிக் கட்டிய கொல்லை அடுப்பில் அவ்வளவு எதிர்பார்க்காதீர்கள். மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்த காய்ந்த விறகை, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். பெரிய கட்டையைத் திணித்துவிட்டு உட்கார்ந்தால் புகைதான் வரும். குளிர்ந்த சாற்றை மொத்தமாக ஊற்றினால் கொதி அடங்கிவிடும், திரும்பக் கொதிக்க நேரம் போகும். ஓரத்தில் ஒரு சின்னப் பாத்திரத்தில் சூடாக்கி, மெல்லிய தாரையாக விடுங்கள்.

வெளியே குளிர்கிறதே, சமையலறையிலேயே காய்ச்சலாமே என்று தோன்றும். 43 லிட்டர் சாறு என்றால் 42 லிட்டர் தண்ணீர் உங்கள் வீட்டுச் சுவரில் வியர்க்கும், பெயின்ட் உரியும். கடைசிக் கட்டத்தை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள்.

நுரை பொங்குகிறது

ஒரு சொட்டு வெண்ணெய். ஒரே சொட்டு. நுரை உடனே அடங்கும். கூட விழுந்தால் வடிகட்டும் துணி எண்ணெய்ப் பிசுக்காகும், பாகிலும் அந்த ருசி ஏறும். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பாகு கொடுக்கும் எண்ணம் இருந்தால் வாசனையில்லாத சமையல் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள்.

அடிபிடித்துவிட்டது

தீய்ந்த வாடை வந்த நொடியில் பக்கத்தில் உள்ள சாற்றை ஊற்றுங்கள். விறகடுப்பை அணைத்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது, அதனால் கைக்கெட்டும் தூரத்தில் எப்போதும் அரை வாளிச் சாறு இருக்கட்டும். தட்டு ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் மேடான மூலையில் சாறு வற்றி அங்கே முதலில் பிடிக்கும். அடுப்பு மூட்டுவதற்கு முன் தண்ணீர் ஊற்றிச் சமமாக இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

தீய்ந்த கசப்பு பாகில் ஏறிவிட்டால் எடுக்க முடியாது. நல்ல பாகோடு கலந்து மறைக்கலாம் என்று நினைத்தால் நல்லதும் சேர்ந்து கெடும். தட்டின் அடியில் பிடித்த கரியை வினிகரில் ஓர் இரவு ஊறவைத்துத் தேய்த்தால் போய்விடும்.

பதம் வந்ததா இல்லையா, தெரியவில்லை

நம் வீட்டில் அதிரசத்துக்கும் மைசூர்பாக்குக்கும் பாகு எடுத்துப் பழகியவர்கள் இங்கேதான் சறுக்குவார்கள். கை தானாக இரண்டு விரலில் ஒட்டிக் கம்பி வருகிறதா என்று பார்க்கும். மேப்பிள் பாகில் கம்பி வந்துவிட்டால் வேண்டிய இடத்தைக் கடந்து எங்கேயோ போயிற்று. பாட்டிலில் ஊற்றினால் அடியில் கற்கண்டு விளையும். இது கம்பிப் பதத்துக்கு வெகு முன்னாலேயே இறக்க வேண்டிய பாகு.

கண்ணால் பார்ப்பதென்றால் இப்படி: கடைசிக் கட்டத்தில் பெரிய வெள்ளைக் குமிழிகள் போய், சின்னச் சின்னப் பொன்னிறக் குமிழிகள் நெருக்கமாக மேலே ஏறும். ஓர் அகலமான கரண்டியை முக்கி எடுத்து, பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். பதம் வரவில்லை என்றால் தண்ணீர் போலச் சொட்டுச் சொட்டாக விழும். நெருங்கும்போது இரண்டு சொட்டு விளிம்பில் தயங்கி, ஒன்றையொன்று தேடிச் சேர்ந்து, அகலமான ஏடாக ஒரு நொடி தொங்கிவிட்டு அறுந்து விழும். அந்த ஏடுதான் அடையாளம்.

ஆனால் கண்ணை மட்டும் நம்பிப் பாட்டிலில் அடைக்காதீர்கள். வெப்பமானி வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கொதிக்கும் வெப்பத்தைவிட 4 டிகிரி கூடினால் பதம். இதில் ஒரு பொறி இருக்கிறது. தண்ணீர் எல்லா நாளும் 100 டிகிரியில் கொதிக்காது. காற்றழுத்தம் இறங்கிய நாளில், கொஞ்சம் மேடான ஊரில், 99-லேயே கொதிக்கும். அன்றைக்கு 104 வரட்டும் என்று காத்திருந்தால் ஒரு டிகிரி கடந்துவிடும், கற்கண்டு விழ அதுவே போதும். ஆகவே அடுப்பு மூட்டிய அன்று அதே வெப்பமானியால் வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்து அளந்து, அதோடு 4 கூட்டுங்கள். வெப்பமானியில் சின்னத் தவறு இருந்தாலும் இந்த முறையில் அது அடிபட்டுப்போகும்.

இதைவிட உறுதியானது ஹைட்ரோமீட்டர், அதாவது பாகில் மிதக்கவிட்டு அது எவ்வளவு கெட்டி என்று பார்க்கும் கருவி. பாகுக்கென்றே செய்த கருவியில் இரண்டு கோடு இருக்கும், கொதிக்கும் பாகுக்கு ஒன்று, குளிர்ந்த பாகுக்கு ஒன்று. கொதிக்கிற பாகை உயரமான உலோகக் குவளையில் மொண்டு உடனே அளவெடுத்து, சூட்டுக் கோட்டில் நிற்கிறதா என்று பாருங்கள். சூடான பாகைக் குளிர்ந்த கோட்டோடு ஒப்பிட்டால், வரவில்லை வரவில்லை என்று காய்ச்சிக்கொண்டே போவீர்கள். கோடு பாகுக்கு மேலே நின்றால் பாகு கெட்டி, கொஞ்சம் சாறு விட்டு இளக்கலாம். கோடு உள்ளே மூழ்கினால் இன்னும் காய்ச்ச வேண்டும்.

கடைசி அரை மணி நேரத்துக்கு விறகடுப்பை நம்பாமல் எரிவாயு அடுப்புக்கு மாற்றிவிடுங்கள். நினைத்த நொடியில் அணைக்க முடிகிற அடுப்பு வேண்டும். இந்த நேரத்தில் போன் அடித்தால் எடுக்கக் கூடாது.

பாகு கலங்கல், நாக்கில் மணல் நறநறக்கிறது

காய்ச்சும்போது சாற்றில் உள்ள கால்சியமும் மாலிக் அமிலமும் சேர்ந்து உப்பாகப் பிரியும். சர்க்கரை மணல் என்பார்கள். உடம்புக்குத் தீங்கில்லை, ஆனால் பார்க்கவும் சாப்பிடவும் நன்றாக இராது. வடிகட்ட, ஃபெல்ட் என்ற தடித்த அழுத்தத் துணியில் செய்த கூம்பு ஒன்று, அதற்குள் மெல்லிய துணி ஒன்று. இரண்டையும் வெந்நீரில் நனைத்து, பிழியாமல் வடியவிட்டு, பாகைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றுங்கள். ஆறின பாகு ஃபெல்ட்டில் இறங்காது. இறங்கவில்லையே என்று முறுக்கிப் பிழிந்தால் மணலும் சேர்ந்து கீழே வரும். மேல் துணி அடைத்துக்கொண்டால் அதை மட்டும் எடுத்து மாற்றுங்கள். துணிகளைச் சோப்புப் போட்டுத் துவைக்காதீர்கள், அந்த வாடை அடுத்த ஆண்டுப் பாகில் தெரியும். வெந்நீர் போதும்.

தெளிவாக வடிகட்டிய பிறகும் பாட்டிலில் மணல் படிந்தால், வடிகட்டியபின் திரும்பக் கொதிக்க விட்டிருப்பீர்கள். கொதித்தால் புதிதாக மணல் பிரியும். பாட்டிலில் ஊற்றச் சூடாக்கும்போது 82 டிகிரிக்குக் குறையவும் கூடாது, 90-ஐத் தாண்டவும் கூடாது. ஃபெல்ட் வாங்க மனமில்லாதவர்கள் பாகைக் கண்ணாடிச் சாடியில் ஊற்றிக் குளிர்பெட்டியில் சில வாரம் அசையாமல் வைக்கலாம். மணல் அடியில் தங்கிவிடும், மேலே தெளிந்ததை இறுத்துச் சூடாக்கி அடைக்கலாம்.

பாட்டில் அடியில் கற்கண்டு

பதம் தாண்டியதன் விளைவு. பாகை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டு, கற்கண்டை எடுத்துப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். பாக்கிப் பாகில் குறை இல்லை.

பாகு நீர்த்திருக்கிறது, புளிக்கிறது, மேலே பூஞ்சணம்

பதம் வருவதற்கு முன்பே இறக்கியிருப்பீர்கள், அல்லது ஆறவிட்டு அடைத்திருப்பீர்கள். 66 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நுண்ணுயிர் வாழ இடம் உண்டு. நீர்த்தது மட்டும், வாடை ஒன்றும் இல்லை என்றால் திரும்பக் காய்ச்சிப் பதத்துக்குக் கொண்டுவந்து, வடிகட்டி அடைக்கலாம். பூஞ்சணத்தை மேலாக வழித்துவிட்டுக் கொதிக்கவைத்துச் சாப்பிடுவது பழைய ஆட்கள் வழக்கம். நான் கொட்டிவிடுவேன். சூடான பாகை ஊற்றி மூடியதும் பாட்டிலைச் சில நிமிடம் படுக்க வையுங்கள், மூடியின் உள்பக்கமும் அந்தச் சூட்டில் சுத்தமாகும். திறந்த பாட்டில் குளிர்பெட்டிக்குள்தான் இருக்க வேண்டும்.

கறுப்பாக வந்துவிட்டது

பருவம் முதிர முதிரக் கறுக்கும். கிருமிகள் சாற்றிலுள்ள சுக்ரோஸைக் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸுமாக உடைக்கும், அவை சீக்கிரம் கருகி நிறம் கொடுக்கும். நேற்றைய பாகு மீந்த தட்டிலேயே புதுச் சாற்றை விட்டு நாள் முழுக்கக் காய்ச்சினாலும் கறுக்கும். வெளிறிய பாகு வேண்டுமென்றால் முதல் வாரச் சாற்றை அன்றன்றே, வேகமாகக் காய்ச்சி முடியுங்கள். கனடாவில் இப்போது கோல்டன், ஆம்பர், டார்க், வெரி டார்க் என்று நான்கு நிறமும் ஏ தரத்துக்குள்ளேயே அடங்கும், ஒன்று மற்றதைவிட மட்டம் என்று இல்லை. பாலப்பத்துக்கு எனக்குக் கறுத்த பாகுதான் பிடிக்கும்.

ருசியோ வாடையோ சரியில்லை

பருவக் கடைசியில் கொதிக்கும் ஆவியில் கெட்டுப்போன சாக்லேட் மாதிரியோ, வெந்த முட்டைக்கோஸ் மாதிரியோ ஒரு வாடை வந்தால் மரம் மொட்டுவிடத் தொடங்கிவிட்டது. சாற்றில் அமினோ அமிலங்கள் மாறியிருக்கும், எவ்வளவு காய்ச்சினாலும் போகாது. கிளை நுனியில் மொட்டு வீங்குவதைப் பார்த்ததும் குழாயைக் கழற்றிவிடுங்கள். சந்தேகமாக இருந்தால் ஒரு குவளைச் சாற்றைத் தனியாகக் கொதிக்கவைத்து முகர்ந்து பாருங்கள், ஒரு தட்டு விறகு மிச்சமாகும்.

குளோரின் வாடையும் உப்புக் கரிப்பும் வாளி கழுவிய பிளீச்சிலிருந்து வந்தவை. அலசியது போதவில்லை.

குழாயைப் பிடுங்கிய ஓட்டையிலிருந்து ஒழுகுகிறது

ஒழுகட்டும். மெழுகு, தக்கை, குச்சி எதையும் வைத்து அடைக்காதீர்கள், உள்ளே ஈரம் தங்கி அழுகலுக்குத்தான் வழி. நல்ல வளர்ச்சியுள்ள மரம் ஒன்றிரண்டு ஆண்டில் ஓட்டையைத் தானே மூடிக்கொள்ளும். மூன்றாவது ஆண்டிலும் திறந்தே இருந்தால் அந்த மரம் சோர்ந்திருக்கிறது. அதற்கு இரண்டு பருவம் ஓய்வு கொடுத்துவிட்டு, குழாயை வேறு மரத்துக்கு மாற்றுங்கள்.